வகுப்பறைக் காற்றுக்கும் சட்டம் வேண்டும்

பள்ளிக்கல்வி குறித்த போராட்டங்களில் ஆசிரியர் பணியிடம், கட்டிடம், கழிப்பறை, குடிநீர், மதிய உணவு ஆகிய கோரிக்கைகள் தவறாமல் இடம்பெறுகின்றன. இவை ஒவ்வொன்றும் நியாயமானவை. ஒவ்வொன்றுக்காகவும் மக்கள் வீதியில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் குழந்தைகள் வகுப்பறையில் சுவாசிக்கும் காற்று இந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு ரசீது இல்லை. அது கெட்டுப்போனால் உடனே யாரும் மயங்கி விழுவதும் இல்லை. எனவே அதைப் பற்றிக் கேட்பாரும் இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 1,000 மணி நேரமும் கற்பித்தல் நடைபெற வேண்டும் என்று தன் அட்டவணையில் வரையறுக்கிறது. எட்டாண்டுகளைக் கூட்டினால் 7,000 மணி நேரம். இத்தனை மணி நேரம் ஒரு குழந்தை எத்தகைய காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பது குறித்து அதே அட்டவணை ஒரு சொல்லும் பேசவில்லை. எல்லாப் பருவங்களுக்கும் ஏற்ற கட்டிடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தடையற்ற நுழைவு, தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் என அதன் கட்டிடப் பகுதி முடிந்துவிடுகிறது. அதில் காற்றோட்டம் என்ற சொல்லே இல்லை.

இந்த இடைவெளி எத்தகையது என்பதைப் புரிந்துகொள்ள அந்தமானின் சாத்தம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

சாத்தம் சொல்லும் செய்தி

போர்ட் பிளேர் நகருடன் (ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய அதே நகருடன்) ஒரு சிறு பாலத்தால் இணைக்கப்பட்ட தீவு சாத்தம். ஆங்கிலேய ஆட்சி 1883இல் அங்கே மர அறுப்பு ஆலையை நிறுவியது. ஆசியாவின் மிகப் பழைய அறுப்பு ஆலைகளுள் ஒன்றான அது, அந்தமான் காடுகளின் படாக், குர்ஜன் மரங்களை அறுத்து உலகச் சந்தைக்கு அனுப்பியது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்த பிறகு அதன் உற்பத்தி சுருங்கியது. ஆயினும் அது இன்றும் வனத்துறையின் கீழ் இயங்குகிறது. அதே சாத்தத்தில் டீசலில் இயங்கும் மின்நிலையம் இருக்கிறது. எதிர்க்கரையிலுள்ள பம்பூபிளாட்டுக்குப் படகுகள் புறப்படும் துறையும் அங்கேதான். அருகே ஹேடோ துறைமுகம். உழைப்பாளிகள் நெருங்கி வாழும் பகுதி இது. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கின்றன.

மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது. டீசல் புகையை 2012இல் அதே முதல் பிரிவில் சேர்த்தது. இந்த முடிவுகள், தூளிலும் புகையிலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த தொழிலாளர்களின் உடல்களிலிருந்து பெறப்பட்டவை. ஆலையின் வாயிலில் காற்று அடையாள அட்டை காட்டி நிற்பதில்லை. தந்தை வேலை செய்யும் இடத்தின் காற்று, மகள் படிக்கும் இடத்தையும் ஓரளவு எட்டும். அது எவ்வளவு என்பதை அளந்து சொல்வது அரசின் கடமை.

ஆலைக்குள் இருக்கும் தொழிலாளிக்குக் காற்று சட்டப்படியான உரிமையாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அரசு ஆலைகளுக்கும் பொருந்தக்கூடியது. அதன் 13ஆம் பிரிவு, தூய காற்று சுழன்று வரும்படி போதிய காற்றோட்டம் வேண்டும் என்றது. 14ஆம் பிரிவு, தூசியும் புகையும் உண்டாகும் இடத்திலேயே அவற்றை உறிஞ்சி வெளியேற்ற ஏற்பாடு செய்யச் சொன்னது. 16ஆம் பிரிவு, நெரிசலைத் தடுக்க, சட்டம் வந்த பிறகு கட்டப்பட்ட ஆலைகளில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 500 கன அடி இடம், அதாவது 14.2 கன மீட்டர், ஒதுக்கப்பட வேண்டும் என்று எண்ணிட்டே சொன்னது. இந்த எண்கள் ஆட்சியாளர்களின் கருணையால் வந்தவை அல்ல. பஞ்சாலைகளிலும் சணல் ஆலைகளிலும் நுரையீரலைப் பறிகொடுத்த தலைமுறைகளின் போராட்டம் அவற்றைச் சட்டமாக்கியது.

இந்த அளவுகோலை ஒரு வகுப்பறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 4,000 கன அடி. அதில் 40 குழந்தைகள் அமர்ந்தால் ஒருவருக்கு 100 கன அடி கிடைக்கும். தொழிலாளிக்குச் சட்டம் வகுத்ததில் இது ஐந்தில் ஒரு பங்கு. தொழிற்சாலைச் சட்டத்தின்படி அந்த அறையில் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தையின் உடல் சிறியது என்று வாதிடலாம். ஆனால் உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் வளர்ந்தவரைவிடக் குழந்தையே அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் நுரையீரலில் பாதிப்பும் ஆழமாகப் பதிகிறது.

குழந்தைக்கு இல்லாத பாதுகாப்பு தொழிலாளிக்காவது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் தொழிற்சாலைகள் சட்டம் நீக்கப்பட்டது. காற்றோட்டம், தூசி, நெரிசல் ஆகிய தலைப்புகள் புதிய பாதுகாப்புத் தொகுப்பின் 23ஆம் பிரிவில் இருக்கின்றன. எண்கள் அங்கே இல்லை. அவற்றை அரசு விதிகளின் மூலம் வகுத்துக்கொள்ளலாம். நாடாளுமன்றம் இயற்றிய அளவு, இனி அரசிதழ் அறிவிக்கை ஒன்றால் மாறக்கூடியது. மின்சக்தியைப் பயன்படுத்தும் ஆலைகளில் 10 தொழிலாளர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரம்பும் 20 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. தந்தைக்கு இருந்த உரிமையை மகளுக்கும் நீட்டிப்பதற்குப் பதிலாக, இருவரையும் பாதுகாப்பற்ற நிலையில் சமப்படுத்துகிறது இந்த அரசு.

மூடிய அறையின் அறிவியல்

வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு உள்ளது. நாம் வெளிவிடும் மூச்சில் அது பத்து லட்சத்துக்கு 40,000 பங்கு அளவில் இருக்கிறது. அடைத்த அறையில் நாற்பது பேர் அமர்ந்தால் அது விரைவாக ஆயிரத்தையும் இரண்டாயிரத்தையும் தாண்டுகிறது. தலை கனக்கிறது, கண் சொருகுகிறது, கவனம் சிதறுகிறது. கடைசி இருக்கையில் தூங்கும் மாணவரைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரியமில வாயுவின் அளவு இன்னொன்றையும் காட்டுகிறது. ஒருவர் வெளிவிட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு உள்ளிழுக்கிறார் என்பதற்கு அது ஓர் அளவுகோல். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வாழும் நாட்டில் இது சிறிய செய்தி அல்ல.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், பொது அறைகளில் ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. மேற்கண்ட 40 பேர் அறைக்கு இதைக் கணக்கிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறையின் காற்று முழுவதும் மாற வேண்டும். இத்தாலியின் மார்க்கே மாகாணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, இயந்திரக் காற்றோட்டம் பொருத்தப்பட்ட வகுப்பறைகளில் தொற்று நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்ததை 2022இல் வெளியிட்டது. பிரிட்டன் தன் பள்ளிகளுக்கு மூன்று லட்சம் கரியமில வாயு அளவிகளை வழங்க முன்வந்தது. நமது நாட்டில் ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம் காற்றோட்டத்தை வலியுறுத்தி வழிகாட்டுதல் வெளியிட்டது. அலை ஓய்ந்ததும் அந்தத் தாளும் ஓய்ந்துவிட்டது.

குளிர்நாடுகளில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. அங்கே அறையைச் சூடேற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்தால் வெப்பம் வெளியேறும். எனவே சூடேற்றும் அமைப்பும் காற்றோட்ட அமைப்பும் ஒன்றாகப் பராமரிக்கப்பட வேண்டும். நமக்குச் சூடேற்றும் தேவை இல்லை. ஆனால் அதே பொறியில் நாம் வேறு வழியாக விழுகிறோம். ‘நவீன வகுப்பறை’ என்ற பெயரில் ஜன்னல்களை அடைத்து ஏசி பொருத்தப்படுகிறது. சுவரில் மாட்டப்படும் சாதாரண ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. மின்விசிறியும் அப்படியே: அது காற்றைக் கலக்கும், மாற்றாது. காற்று மாறுவதற்கு எதிரெதிர்ச் சுவர்களில் திறந்த ஜன்னல்களும், மேலே சூடான காற்று வெளியேறும் திறப்புகளும், தேவையான இடத்தில் வெளியேற்று விசிறியும் வேண்டும்.

பராமரிப்பு யார் கையில்?

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் அதைத் தொடரும் வடகிழக்குப் பருவமும் ஆண்டின் பெரும்பகுதியை ஈரமாக வைத்திருக்கின்றன. கடலின் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. மரச்சட்டம் ஈரத்தில் ஊதி ஜன்னல் இறுகிக்கொள்கிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே சுவரில் பூஞ்சை படர்கிறது. அதன் நுண்வித்துகள் காற்றில் கலந்து இளைப்பு நோய் உள்ள குழந்தையின் மார்பை இறுக்குகின்றன. மின்விசிறியின் மின்தேக்கி பழுதானால் விசிறி சுற்றாமல் மாதக்கணக்கில் தொங்குகிறது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் மூடப்படுகிறது. தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் டீசலை நம்பியிருக்கிறது; பெருநிலத்து மின்கட்டமைப்புடன் இணைப்பு இல்லை. மின்வெட்டு நேர்ந்தால், விசிறியை மட்டும் நம்பிக் கட்டப்பட்ட அறை அடுப்பாகிவிடும். 2004 சுனாமிக்குப் பின் தகரத்தால் எழுப்பப்பட்ட இடைக்காலக் குடியிருப்புகளில் வெந்து கிடந்த மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுள் எதுவும் தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. பருவம் தொடங்கும் முன் கூரையைச் சரிசெய்வது, ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய் இடுவது, கொசுவலைகளிலும் காற்றுத் துவாரங்களிலும் அடைந்த தூசியைத் துடைப்பது, சாரல் உள்ளே வராதபடி ஜன்னலுக்கு மேல் மறைப்பு அமைப்பது, ஏசி இருந்தால் அதன் வடிகட்டியை மாதந்தோறும் கழுவுவது, பூஞ்சை படர்ந்த சுவரை வெறும் வெள்ளையடித்து மறைக்காமல் ஈரம் வரும் வழியை அடைப்பது என அனைத்தும் சாதாரண வேலைகள். ஆனால் தவறாமல், குறித்த காலத்தில், ஒருவரின் பொறுப்பில் நடைபெற வேண்டிய வேலைகள்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. அந்தமான் நிர்வாகத்தில் ‘டிஆர்எம்’ எனப்படும் தினக்கூலித் தொழிலாளர்கள் நீண்டகாலமாகப் பொதுப்பணிகளைத் தாங்கி வருகிறார்கள். நிரந்தர ஊழியருக்கு இணையான ஊதியம் கேட்டு அவர்கள் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் நிற்க நேர்ந்தது. 2023 ஆகஸ்டில், தன் உத்தரவு நிறைவேற்றப்படாததால் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு, தீவுகளின் தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தினக்கூலிக்கு நியாயம் வழங்க நிர்வாகம் எவ்வளவு தயங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் பள்ளித் துப்புரவுப் பணியும் பராமரிப்புப் பணியும் ஒப்பந்தத்துக்கும் மதிப்பூதியத்துக்கும் தள்ளப்பட்டிருக்கின்றன. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், அடுத்த பருவத்துக்கான பராமரிப்பை யாரும் எதிர்பார்க்க முடியாது.

நிதியின் நிலையும் இதுவே. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த ஆண்டு மானியம் உண்டு. 251 முதல் 1,000 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்கு 75,000 ரூபாய். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் இது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 75 ரூபாய், நாளொன்றுக்கு 20 பைசா. இந்தத் தொகையில்தான் மின்கட்டணமும், குடிநீரும், கற்பித்தல் கருவிகளும், துப்புரவும், கட்டிடப் பழுதும் அடங்க வேண்டும். சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதியான அந்தமானில் இதற்கான முழுப் பொறுப்பும் ஒன்றிய அரசுக்கே உரியது. மாநில அரசின் மீது பழியைப் போட அங்கே வழியில்லை. அதே தீவுக்கூட்டத்தில், கிரேட் நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டர் காட்டை அழித்துத் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க 72,000 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ, பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் கல்வி நிதி நிறுத்திவைக்கப்பட்டது. பணம் இல்லை என்பதை இனியும் காரணமாகச் சொல்ல முடியாது.

காற்றும் சரக்காகிறது

அரசு விலகும் இடத்தில் சந்தை நுழைகிறது. டெல்லியில் தனியார் பள்ளி ஒன்று ஏசிக்காக மாதம் 2,000 ரூபாய் வசூலித்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஏசிச் செலவைப் பெற்றோரே ஏற்க வேண்டும் என்றும் கூறியது. குடிநீர் புட்டியில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்த அதே பாதையில் வகுப்பறைக் காற்றும் பயணிக்கத் தொடங்கிவிட்டது. பணம் உள்ள குழந்தைக்கு வடிகட்டிய காற்று, இல்லாத குழந்தைக்குப் பூஞ்சை படர்ந்த சுவர் என்ற பிரிவினையைப் பொதுப்பள்ளி ஒருநாளும் ஏற்க முடியாது.

பராமரிப்பின்மை உயிரைப் பறிக்கும் என்பதைத் தமிழகம் மறக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதைத் தொடர்ந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பள்ளிக் கட்டிடங்கள் தேசியக் கட்டிட விதித்தொகுப்பைப் பின்பற்ற வேண்டும் என்றும் ஆணையிட்டது. காற்றோட்டமும் அந்தத் தொகுப்பின் ஒரு பகுதியே. ஆக, சட்டப் போராட்டத்துக்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருந்தும் 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் அரசுப்பள்ளிக் கூரை இடிந்து ஏழு குழந்தைகள் மாண்டனர். இடியும் கூரை ஒரு நாளில் செய்தியாகிறது. இறுகிய ஜன்னலும் ஈரச்சுவரும் செய்தியாவதில்லை. அவற்றின் பலி மருத்துவமனைச் சீட்டுகளிலும் பள்ளிக்கு வராத நாட்களிலும் சிதறிக் கிடக்கிறது.

கோரிக்கைகளும் கடமைகளும்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் வகுப்பறைக் காற்றோட்டத்துக்கான அளவு எண்ணிட்டுச் சேர்க்கப்பட வேண்டும். தொழிலாளர் தொகுப்பின் விதிகளில், பழைய சட்டத்தின் 500 கன அடி உள்ளிட்ட அளவுகள் குறைக்கப்படாமல் நிலைநிறுத்தப்பட வேண்டும். பள்ளி மானியம் இன்றைய விலைவாசிக்கு ஏற்பப் பன்மடங்கு உயர்த்தப்பட்டு, பராமரிப்புக்கெனத் தனித் தலைப்பு ஒதுக்கப்பட வேண்டும். பள்ளிப் பராமரிப்புத் தொழிலாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். மதிய உணவுச் சமையற்கூடங்கள் அனைத்திலும் புகை வெளியேறும் அமைப்பு வேண்டும். ஒன்றியத் திட்டத்தில் 2009 முதல் மாதம் 1,000 ரூபாயில் உறைந்து நிற்கும் சமையல் தொழிலாளர் மதிப்பூதியம் மாற்றப்பட்டு, குறைந்தபட்ச ஊதியம் வழங்கப்பட வேண்டும். சாத்தம் போன்று ஆலை, மின்நிலையம், துறைமுகம் அருகிலுள்ள பகுதிகளின் பள்ளிகளில் காற்றின் தரம் அளக்கப்பட்டு, பெற்றோர் அறியும்படி வெளியிடப்பட வேண்டும்.

இவை வெல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு அந்தக் குழுவினுடையது. அந்தக் குழுக்களில் இருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கலாம். எத்தனை ஜன்னல்கள் திறக்கின்றன, எத்தனை விசிறிகள் சுற்றுகின்றன, எந்தச் சுவர் ஈரமாக இருக்கிறது, சமையற்கூடப் புகை எந்த வகுப்புக்குள் போகிறது, பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கரியமில வாயு அளவி ஒன்றைத் தொழிற்சங்கமோ வாலிபர் அமைப்போ வாங்கி, ஊரிலுள்ள பள்ளிகளுக்கு மாறி மாறிக் கொடுக்கலாம். அது காட்டும் எண்ணை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனுவாக வைக்கலாம். ஆசிரியர் அமைப்புகளுக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு. அவர்களும் அதே காற்றைத்தான் ஆண்டுதோறும் சுவாசிக்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளி தனக்கான 500 கன அடியைப் போராடித்தான் பெற்றார். அவருடைய குழந்தைக்கான அளவை எழுதச் செய்வது இன்றைய இயக்கத்தின் பொறுப்பு. அந்தப் பணி பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில், திறக்காத ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுவதிலிருந்து தொடங்கட்டும்.